ஒரு நம்பர் சிறியது

செருப்பு வாங்குவதென்றால் சாயங்காலம் போய் வாங்குங்கள், மேடம். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும். அப்போது பொருந்துவதுதான் எப்போதும் பொருந்தும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் மாமனார். உங்கள் விசாரணைக் கோப்பில் 'பாதிக்கப்பட்டவர்' என்று போட்டிருக்கிறதே, அவர்தான். அந்த வார்த்தை கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதை நான் திருத்தப் போவதில்லை. திருத்துவதை விட்டுவிட்டேன்.

எங்கள் நிறுவனத்துக்கு நாற்பது செருப்புக் கடைகள். எந்தக் கடைக்கு எந்த நம்பரில் எத்தனை ஜோடி அனுப்புவது என்பதை முப்பத்தொரு வருடமாக மாமாதான் முடிவு செய்து வந்தார். ஆபீஸில் அவருக்கு 'அளவுகோல்' என்று பெயர். யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார். என்னை முதன்முதலாகச் சந்தித்தபோதும், "ஒன்பது. இடது கால் கொஞ்சம் அகலம்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காரச் சொன்னார். பெண்ணையும் கொடுத்து, சில வருடம் கழித்து இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு வேலை தரவுப் பிரிவில். பிரிவு என்றால் நான், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். முதல் வருடம் நான் செய்தது யோக்கியமான வேலை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் குதிகால் உயர்ந்த செருப்புகள் தூசி படிந்து கிடந்தன. பஞ்சு போன்ற வீட்டுச் செருப்பு மட்டும் வந்த அன்றே தீர்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் இதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. விற்பனைக் கணக்கைப் பட்டைப் படமாகக் காட்டும் என் கம்ப்யூட்டர் திரை சொன்னது. அந்தக் கடைக்கு வீட்டுச் செருப்பை மூன்று மடங்காக்கினோம். அதற்குப் பிறகு முதலாளி என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். திரையில் பச்சைப் பட்டை உயர்ந்தால் சிரிப்பார். சிவப்பு வந்தால் தண்ணீர் கேட்பார்.

ஒரு நாள் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பள்ளிக்கூடம் திறக்கும் பருவத்தில் இருபது கடைகளுக்கு மாமா ஆர்டர் போடட்டும், இருபது கடைகளுக்கு என் திரை போடட்டும், யாருடைய சரக்கு குறைவாக மிஞ்சுகிறது என்று பார்ப்போம் என்றார்.

மாமா தரப்பில் முன்னூறு ஜோடி மிஞ்சியது. என் தரப்பில் நாலாயிரம்.

அவருடைய ஒரு கடையைக் காட்டி, எப்படி என்று கேட்டேன். "அந்த ஊர்ல புதுசா மைதானம் தொறந்திருக்காங்க மாப்பிள்ளை. பசங்க ஓடியாடுனா பாதம் அகலமாயிடும். ஒரு நம்பர் கூடப் போட்டேன்" என்றார். மைதானத்துக்கு என் கம்ப்யூட்டரில் கட்டமே கிடையாது. அன்று வீட்டில் சாப்பிடும்போது அவரே என் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறி, "கம்ப்யூட்டரும் பழகப் பழகத்தான் கத்துக்கும். மனசு விட்டுராதீங்க" என்றார். கேலியாகச் சொல்லியிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டார்.

அடுத்த பருவத்திலும் அதே போட்டி. அதில் நான் செய்தது மிகச் சிறிய காரியம். மாமா காகிதத்தில் எழுதித் தரும் ஆர்டரை ஒரு பெண் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். அவர் ஏற்றிய பிறகு நான் உள்ளே போய் எட்டை ஏழாக்கினேன், ஏழை ஆறாக்கினேன். இருபது கடைகளுக்கும். காகிதங்களைக் கிழித்துப் போட்டேன். எண்ணிக்கையில் ஒரு ஜோடிகூடக் குறைக்கவில்லை. அந்த விஷயத்தில் நான் நேர்மையானவன்.

பெரிய நம்பர் இல்லாத கடைகளில் விற்பனையாளர்கள், "போடப் போட இளகிடும்" என்று சொல்லி விற்றார்கள். எவ்வளவு பேர் அப்படி வாங்கினார்கள் என்று கணக்கெடுத்தேன்: ஏறத்தாழ பதினோராயிரம் பேர், பெரும்பாலும் பிள்ளைகள். கொப்புளம் ஆறிவிடும், மேடம்.

கடைக்காரர்கள் மாமாவுக்குப் போன் போட்டு, "அண்ணே, எட்டாம் நம்பர் அனுப்பவே இல்லியே" என்றார்கள். மாமா என் அறைக்கு வந்தார். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். ஏழு என்று இருந்தது. அவர் திரையைப் பார்த்தார், பிறகு தன் வலது கையைப் பார்த்தார்.

"நான் எட்டுதானே எழுதுனேன், மாப்பிள்ளை?"

"தரவு இப்படித்தான் சொல்லுது, மாமா."

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அன்றிலிருந்து அவர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை போய்ப் பார்ப்பார். யாருடைய காலையும் பார்ப்பதை நிறுத்திவிட்டார். முகத்தையே உற்றுப் பார்ப்பார், பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று சோதிப்பது போல. என் மனைவி அழுதாள். "அப்பா நேத்து என்னைக் கூப்பிட ஒரு நிமிஷம் யோசிச்சாருங்க."

உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். மாமா எதையாவது மறந்தால் யார் பார்த்தாலும் ஒரு கோடு போட வேண்டும். அத்தை போட்டார், மச்சான் போட்டான், என் ஏழு வயது மகள் சிவப்பு க்ரேயானில் போட்டாள். எல்லோரும் ஒரே மனிதரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கோடுகள் கூடத்தான் செய்யும். ஒரு மாதத்தில் வரைபடம் நன்றாக ஏறியது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டுக் காட்டினேன். மொத்தம் நான்கு பக்கம். கார் சாவியை வாங்கிக்கொள்வது, பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து தனியாக அழைத்துவர விடாமல் இருப்பது, வேலையிலிருந்து ஓய்வு. எல்லாம் ஒருமனதாக முடிவாயின.

மாமாவும் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும், "படம் நல்லா வெளங்குது, மாப்பிள்ளை" என்று சொல்லிச் சாவியை மேஜையில் வைத்தார்.

நாற்பது கடைகளும் என் கைக்கு வந்தன. பொறுப்புணர்வு வேண்டுமென்று ஒரு புதுத் திரை செய்தேன்: கம்பெனியில் யார் யார் எந்த ஆர்டரை எத்தனை முறை திருத்தியிருக்கிறார்கள் என்று காட்டும். கம்ப்யூட்டர் எல்லாத் திருத்தங்களையும் பெயரோடு பதிந்து வைத்திருக்கும். பழைய வருடங்களையும் சேர்த்தே இழுத்துக் காட்டும் என்பது அந்த அவசரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை. எல்லா மேலாளர்களையும் உட்கார வைத்துத் திறந்தேன். எல்லோர் பெயருக்கும் புல் முளைத்த மாதிரி சின்னச் சின்னப் பட்டைகள். என் பெயருக்கு மட்டும் கூரையைத் தொடும் பட்டை. யாரும் விளக்கம் கேட்கவில்லை. நல்ல வரைபடத்தின் இலக்கணம் அதுதான்.

சந்தேகம் வந்தால் பட்டையின் மேல் க்ளிக் செய்யுங்கள் என்று முதலாளிக்குப் பழக்கியவன் நான். செய்தார். இருபது கடைகள், எட்டு ஏழானது, ஏழு ஆறானது, தேதியோடு வரிசையாக இறங்கியது. தண்ணீர் கேட்டார். பிறகு ஐந்தே நிமிடத்தில், எந்த ஊகமும் இல்லாமல், ஆதாரத்தை மட்டும் வைத்து மூன்று முடிவுகள் எடுத்தார்: என்னை வேலையிலிருந்து அனுப்புவது, மாமாவைத் திரும்ப அழைப்பது, விசாரிக்க உங்களை வரவழைப்பது. ஒரு நிறுவனம் இப்படித்தான் முடிவெடுக்க வேண்டும். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவர எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

ஆம், மேடம், எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மனைவி மாமாவை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஞாபகச் சோதனையில் முப்பதுக்கு முப்பது. "என்னைவிட நல்லா இருக்கீங்க" என்றாராம் டாக்டர். நான் இல்லாவிட்டால் அவர் அந்தச் சோதனைக்கே போயிருக்க மாட்டார். தன் மூளை எவ்வளவு திடமானது என்பது சாகும்வரை அவருக்குத் தெரிந்திருக்காது. இதை யோசித்துப் பார்த்தால் அவர் எனக்கு நன்றி சொல்லத்தான் செய்வார். இப்போதைக்குப் பேசுவதில்லை. மனைவியும் மகளும் அவர் வீட்டில்தான் இருக்கிறார்கள், அவர்களும் பேசுவதில்லை. நான்கு மாதம் ஆகிறது. எந்த முடிவுக்கும் வர நான்கு மாதத் தரவு போதாது.