கதவைத் திறந்தவர் ஜோதிமணி

அமீரகத்தின் புஜைராவில் நம் பள்ளியில் இருபத்தொன்பது ஆண்டுகள் வரலாறு போதித்து இன்று பணிநிறைவு பெறும் ஜோதிமணி டீச்சருக்கு உடன் பணியாற்றியோர் வாசித்தளிக்கும் மடல்

வாய்மையின் வடிவே! வகுப்பறையின் வெளிச்சமே! அரசர்களின் பட்டியலை ஒப்பிக்க வைக்காமல், "எழுதியவர் யார், எழுதாமல் விட்டது யாரை?" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் கேட்க வைத்த எங்கள் ஏந்தலே! வணக்கம்.

'பொறுமையின் பூமகள், புன்னகைப் பூங்கொத்து' என்று நிர்வாகம் உங்களுக்கு ஒரு மடல் அச்சடித்துக் கொடுத்தது. அதைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றிவிட்டு இந்த மடலை மாட்டினோம். உங்களுக்குப் பொறுமை கிடையாது என்பது ஸ்டாஃப் ரூமில் உங்களோடு உட்கார்ந்த எங்களுக்குத் தெரியாதா?

சென்ற மாதம் பள்ளியின் முப்பதாண்டு வரலாற்று மலர் வெளிவந்தது. அதில் 2022 வெள்ளத்துக்கு ஆறு பக்கங்கள். 'நிர்வாகம் தாயுள்ளத்தோடு கதவைத் திறந்தது' என்கிறது முதல் வரி. தாயுள்ளத்தைக்கூட அவர்களே எடுத்துக்கொண்டார்கள்! தண்ணீர்ப் புட்டிகள் கொண்டுவந்த கணக்காசிரியர் ரெங்கராஜுக்குப் படத்தோடு அரைப்பக்கம். அவரே வெட்கப்பட்டு இந்த மடலில் கையெழுத்திட்டிருக்கிறார். உங்களுக்கோ, சோறு பரிமாறும் படத்தில் பாதி முகம். கீழே 'மகளிர் குழுவினர்' என்று இரண்டே சொல்.

நடந்தது என்ன? கோடை விடுமுறை. பெரும்பாலோர் ஊருக்குப் போயிருக்க, சாவி உங்களிடம் இருந்தது. பள்ளிக்குப் பின்னாலுள்ள தொழிலாளர் கேம்ப்பில் வெள்ளம் புகுந்ததும் காவலாளி சோலைமுத்து உங்களுக்குப் போன் செய்தார்: "டீச்சர், ஆளுக இடுப்பளவு தண்ணில நிக்கிறாக. பெர்மிஷன் இல்லாம கேட்டைத் தொறக்கக் கூடாதுன்னு ஆர்டரு. என்ன செய்யட்டும்?" முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து பூட்டைத் திறந்தீர்கள். "யாரு கேட்டாலும் நான்தான் தொறந்தேன்னு சொல்லுங்க. யல்லா, சீக்கிரம் எல்லாரையும் உள்ள கூப்பிடுங்க" என்றீர்கள். நூற்று நாற்பது பேர் மூன்று நாள் நம் வகுப்பறைகளில் உயிர் பிழைத்துக் கிடந்தார்கள்.

மலரைத் திருத்தச் சொல்லிச் செயலாளர் விஜயபாஸ்கரிடம் போனோம். "ரெக்கார்டு இல்லாம எப்படிம்மா எழுதறது? அப்புறம் அது வரலாறா, வதந்தியா?" என்றார்.

அலுவலகத்தில் கோப்புகளைப் பராமரிக்கும் ஆபிதா அன்றே உங்கள் கோப்பைப் பிரித்தார். ரெக்கார்டு இருந்தது! அதே செயலாளர் கையெழுத்திட்டு உங்களுக்கு அனுப்பிய மெமோ: 'ஆசிரியை ஜோதிமணி, தாம் ஒரு பெண் என்பதையும் மறந்து, அனுமதியின்றிப் பள்ளிக் கதவைத் திறந்து அந்நிய ஆடவரைத் தங்கவைத்தார். விளக்கம் தருக.'

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே குற்றமாக இருந்தவரை அந்தச் செயலுக்கு உங்கள் பெயர்; பெருமையானதும் அவர்கள் பெயர். வயிறு எரிகிறது டீச்சர்! எதையும் பொறுக்காத நீங்கள் இதை மட்டும் மூன்று ஆண்டுகள் எங்களிடம்கூடச் சொல்லாமல் ஏன் பொறுத்தீர்கள்? அந்தக் கோபமும் எங்களுக்கு உண்டு.

நோயின்றி, நொடியின்றி, யாருக்கும் விளக்கம் எழுத வேண்டிய தேவையின்றி நூறாண்டு வாழ்க! இந்தச் சட்டத்தை விருதுநகர் வீட்டுச் சுவரில் மாட்டுமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் அந்த மெமோவின் நகல் இருக்கிறது. பள்ளி நூலகத்திலுள்ள மலர்கள் அத்தனையிலும், வெள்ளத்தின் முதல் பக்கத்திலேயே அதன் நகலை ஒட்டிவிட்டோம்.

யார் கேட்டாலும் நாங்கள்தான் ஒட்டினோம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
'ஊழியர்கள்' என்று பொதுவில் ஒளியாமல், பெயரோடு,
ஆபிதா, கனகா, சப்ரீனா, ரெங்கராஜ், சோலைமுத்து