பெரிய சுவரில் என் கை

படத்தில் என் கை நன்றாக விழுந்திருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். சுண்ணாம்பு தின்ற கை. அதைச் சுவரளவு பெரிதாக்கிக் காட்டினால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும்.

படம் எடுத்தவள் ஜெஸி, வேலூர்ப் பெண், வீடியோவை வைத்துக் கலை செய்கிறவள். ஆம்பூரில் மூடிக்கிடந்த எங்கள் டேனரியின் தோல் பதனிடும் கூடத்தையே காட்சிக்கு எடுத்துக்கொண்டாள். தொண்ணூற்றைந்தில் என்னோடு வேலை செய்த கோவிந்தசாமி அங்கே கழிவுத்தொட்டியில் விஷவாயு அடித்துச் செத்ததை ஊர் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது என்று காட்டப்போகிறாளாம்.

தொட்டியில் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வான். மறுமுனை மேலே நிற்பவன் கையில். மூச்சு முட்டினால் கத்த வராது. கயிற்றை இரண்டு முறை வெடுக்கென்று இழுப்பான். மேலே இருப்பவன் தூக்கிவிட வேண்டும். அன்று மேலே நின்றவன் நான்.

"அண்ணா, அன்னிக்கு எப்படி இழுத்தீங்களோ, அப்படி ஒரு தடவ இழுத்துக் காட்டுங்க" என்றாள் ஜெஸி. கயிற்றின் அடியில் ஈரத்தோல் கட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். அதன் கனம் தூக்கியவனுக்குத் தெரியும். நரம்பு புடைத்தது, தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. நான் நடிக்கவில்லை, சொன்னதைச் செய்தேன். கட்டு மேலே வருவதற்குள் படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடும். அது அவள் யோசனை.

கோவிந்தசாமி மனைவி எல்லம்மாவையும் எடுத்தாள். அன்று அவனுக்குச் சோறு கொண்டுவந்து, கேட்டிலிருந்தே பார்த்தவள். ஓடிவருவதற்குள் கயிறு தொய்ந்துவிட்டது. யார் கேட்டாலும் இத்தனை வருஷமாக ஒன்றையே சொல்வாள்: "கயிறு ஆடுச்சு. துரைசாமி பாத்துக்கினு நின்னான்."

அந்தப் பேச்சை மூலையில் ஒரு சின்ன டிவியில் வைத்திருந்தார்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். எதிர்ச் சுவரில் என் கை இழுத்துக்கொண்டிருக்கும்போது அதற்கு யாருக்குப் பொறுமை?

ஷூ கம்பெனிப் பெண்கள் ஷிப்ட் முடிந்து வந்து அழுதார்கள். செல்போனில் எடுத்து ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டார்கள். லோக்கல் கேபிளிலும் போட்டான். டீக்கடையில் முனிரத்தினம் எல்லம்மாவை மடக்கினான்.

"இன்னாக்கா, மனுசன் கையே கிழியுது. இன்னும் பொய் சொல்லிக்கினு கீறியே?"

"அது சினிமாடா. அன்னிக்கு நீ இருந்தியா?"

"இல்ல. ஆனா நாங்க பாத்துட்டோமே."

அவள் தினமும் கூடத்துக்கு வந்தாள். முதலில் தன் டிவி முன்னால் நின்றாள். பிறகு மெல்லத் திரும்பி என் சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "அந்தச் சத்தம், அன்னிக்கும் வந்துச்சா?"

"வந்துச்சும்மா. நீ கத்திக்கினு ஓடியாந்தே, உன் காதுல விழல."

அவளுக்கு நிம்மதி கிடைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

கடைசி நாள் என் காலில் விழுந்தாள். "உன்ன கொலகாரன்னு சொன்னேனேண்ணா, என் நாக்கு அழுவிப்போவ." ஜெஸியிடம் சொல்லித் தன் டிவியை அவளே நிறுத்தினாள். நான் அவளைத் தூக்கிவிட்டேன். கனமே இல்லை, ஒரு கையே போதுமாக இருந்தது. "போனது போவட்டும்மா" என்று மன்னித்துவிட்டேன்.

படம் இப்போது டெல்லியில் ஓடுகிறது. சின்ன டிவி போகவில்லை. இனி நானே சொன்னாலும் ஊரில் யாரும் நம்பப்போவதில்லை. அதனால் உங்களிடம் சொல்வதில் தப்பில்லை.

அப்போது மேஸ்திரி வேலை எங்கள் இருவரில் ஒருவனுக்கு என்று இருந்தது. கோவிந்தசாமிக்கு எழுதத் தெரியும், எனக்குத் தெரியாது. "கைநாட்டு மேஸ்திரியானா தோலே சிரிக்கும், தோஸ்து" என்று சொல்லிவிட்டு இறங்கினான். எனக்குக் கோபமில்லை. கயிறு இரண்டு முறை வெட்டியது. கொஞ்சம் கழித்து மறுபடி இரண்டு முறை. இவன் இல்லாவிட்டால் முதலாளி யாரைப் போடுவார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடித்தபோது கயிறு சும்மா இருந்தது. மேஸ்திரிக்குக் கையெழுத்து வேண்டுமே என்று அதற்கப்புறம்தான் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தேன்.

நான் இழுக்கவில்லை. சந்தேகமாக இருந்தால் போய்ப் பாருங்கள். இப்போதும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.