கெட்டுப்போகிற சிப் ஒன்று வேண்டும்

சுக்ஜா: "ஒரே அச்சுல ஊத்தின மீன் வடிவ ரொட்டிதானே அம்மா, அதுல ஒண்ணு மட்டும் ஏன் கருகிப் போச்சு?" அப்படின்னு என் பையன் கேட்டான். அப்ப ஏழு வயசு. ரொட்டி வண்டிக்காரரு சிரிச்சுட்டாரு.

பியோ: அம்மா... நான் உங்ககிட்ட கேட்டது எந்த ப்ராசஸர் வேணும்னு.

சுக்ஜா: அதுக்குத்தான் வர்றேன். இந்த சிப்பெல்லாம்கூட ஒரே தட்டுல பொறந்ததுதானே? நீங்கதான் போன வாரம் சொன்னீங்க. ஒரே தட்டுலேர்ந்து வெட்டி எடுத்தாலும் ஒண்ணு பறக்கும், ஒண்ணு முக்கும்னு.

பியோ: சொன்னேன். சொன்னது என் தப்பு. யோங்சான் பூரா கம்ப்யூட்டர் கடைதான். செவ்வாய்க்கிழமை ஆனா புச்சோன்லேர்ந்து ரயில் ஏறி நேரா என்கிட்ட வர்றீங்க. இதுவரைக்கும் ஒரு திருகாணி கூட வாங்கினதில்ல.

சுக்ஜா: சாப்பிட கிம்பாப் கொண்டுவர்றேன் இல்ல?

பியோ: அதனாலதான் நாற்காலி போடறேன்.

சுக்ஜா: இன்னிக்கு வாங்கத்தான் வந்தேன். எல்லாத்துலயும் விலையைக் குறைச்சு சீட்டு ஒட்டியிருக்கீங்களே.

பியோ: வருஷக் கடைசி. அதான்.

சுக்ஜா: அலமாரியும் பாதி காலி.

பியோ: புது சரக்குக்கு இடம் வேணாமா... அதை விடுங்க. இங்க பாருங்க, மூணு இருக்கு. உங்க பையன் போர்டு என்னன்னு நீங்க சொல்லியிருக்கீங்க, மூணும் அதுல சேரும். இது ஒரு லட்சத்து அறுபதாயிரம் வொன். பூட்டின சிப். கம்பெனி என்ன வேகம் எழுதியிருக்கோ அதுதான், மேல ஏத்த முடியாது. ஆனா ஒரு தடவை மாட்டிட்டா அப்புறம் அதை மறந்தே போயிடலாம்.

சுக்ஜா: மறந்து போயிடலாமா... அப்ப அது வேணாம்.

பியோ: எல்லாரும் அதைத்தான் கேட்டு வாங்குவாங்க. சரி, உங்க இஷ்டம். இது ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். போன வருஷம் மூணு லட்சத்துக்கு மேல வித்தது. பூட்டு கிடையாது. ஓவர்கிளாக் பண்ணணும்னா, அதாவது எழுதின வேகத்துக்கு மேல ஓட்டணும்னா, இதுதான் சரி. நானே மாட்டிப் பாத்தேன். நல்லா ஏறுது, சூடும் அடக்கமா இருக்கு.

சுக்ஜா: ஏத்தினா நிக்குமா?

பியோ: நிக்கும்.

சுக்ஜா: பாதில கெடாதா?

பியோ: கெடாது. பயப்படாம வாங்குங்க.

சுக்ஜா: ம்... அதுவும் வேணாம். அந்த ஓரத்துல ஒண்ணு கிடக்கே, டப்பா கூட இல்லாம?

பியோ: அது உங்களுக்கு இல்ல. இந்த ஓவர்கிளாக் பைத்தியங்க ஒரே சிப்புல நாலஞ்சு வாங்குவாங்க. ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்து, ஏறறதை வச்சிக்கிட்டு ஏறாததைத் தள்ளிடுவாங்க. அப்படித் தள்ளினது. பூட்டு இல்லாததுதான், ஆனா தேறாதது.

சுக்ஜா: தேறாததுன்னா, ஓடவே ஓடாதா?

பியோ: ஓடும். எழுதின வேகத்துக்கு ஒழுங்கா ஓடும். அதுக்கு மேல ஒரு படி ஏத்தினா ஓடற மாதிரி ஒரு நம்பிக்கை காட்டும். அப்பாடான்னு எழுந்து போய் காபி போட்டுட்டு வந்தா, நின்னு போயிருக்கும். பிடிவாதக்காரனா இருந்தா ராத்திரி பகலா அதுகூடவே மல்லுக்கு நிப்பான்.

சுக்ஜா: விலை?

பியோ: ஒரு லட்சத்து பத்தாயிரம். பூட்டினதை விடக் குறைவு. ஏன்னு இப்பப் புரியுதா?

சுக்ஜா: அதையே கட்டுங்க.

பியோ: நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?

சுக்ஜா: விழுந்துச்சு. முதலாளி, அது நின்னு போச்சுன்னா இங்க யாரு கொண்டு வரணும்?

பியோ: யாரு வேணாலும். நீங்களே கொண்டு வரலாம்.

சுக்ஜா: ஓட்டிப் பாத்தவன் நேர்ல வந்து சொல்லணும்னு சட்டம் எதுவும் இல்லையா?

பியோ: அப்படி எந்தச் சட்டமும் இல்ல.

சுக்ஜா: போட முடியாதா? உங்க கடைக்கு மட்டும். ஒரு சீட்டுல எழுதி முத்திரை குத்திக் குடுத்தா கூடப் போதும்.

பியோ: அம்மா... ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. வாங்கின டப்பாக்குள்ள கெட்ட சிப்ப வச்சுத் திருப்பிக் குடுத்துட்டுப் போற ஆளுங்க இந்தச் சந்தையில உண்டு. அந்த மாதிரி யாராவது உங்கள அனுப்பறாங்களா?

சுக்ஜா: அய்யய்யோ... என்ன முதலாளி இப்படிக் கேட்டுட்டீங்க.

பியோ: பின்ன என்ன? நல்லது காட்டினா வேணாங்கறீங்க. கெட்டதைக் காட்டினா கட்டுங்கறீங்க. இத்தனை நாள் கடையில இப்படி ஒரு ஆளை நான் பாத்ததில்ல.

சுக்ஜா: ...

பியோ: அழாதீங்க. சரி, நான் கேட்டது தப்புதான். அழாதீங்க.

சுக்ஜா: என் பையன் ரூமை விட்டு வெளிய வந்து மூணு வருஷம் ஆகுது.

பியோ: உடம்பு முடியலையா?

சுக்ஜா: உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ராணுவத்துலேர்ந்து வந்தான், வேலை தேடினான். போற இடமெல்லாம் நேர்காணலோட திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு நாள் சாப்பிடும்போது அவங்க அப்பா ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. உன்னை எவன்டா எடுப்பான்னு. சாப்பிட்ட கிண்ணத்தை அப்படியே வச்சிட்டு உள்ள போனவன்தான். அப்புறம் அவரே போயிட்டாரு. சாவுக்கும் இவன் வரல. மகன் கையில கட்ட வேண்டிய துக்கப் பட்டையை நாத்தனார் பையன் கையில கட்டினாங்க. நான் எங்க பாக்கறதுன்னு தெரியாம நின்னேன்.

பியோ: இப்ப சாப்பாட்டுக்கு?

சுக்ஜா: சோறு கதவுக்கு வெளிய வைப்பேன். நான் இந்தப் பக்கம் வந்தப்புறம் எடுத்துக்குவான். பேச்சே கிடையாது. இந்த வருஷம்தான் ஒரு செவ்வாய்க்கிழமை உள்ளேர்ந்து குரல் வந்துச்சு. "அந்த சிப்பு எவ்வளவு சூடு தாங்கும்னு யோங்சான்ல பியோ கடையில கேட்டுட்டு வாங்க." அவ்வளவுதான். அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன் முதலாளி.

பியோ: அதான் வாராவாரம் வந்தீங்களா.

சுக்ஜா: நீங்க சொல்றது ஒண்ணும் எனக்குப் புரியாது. ரயில்ல மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டே போவேன். கதவுக்கு வெளிய உக்காந்து ஒப்பிப்பேன். தப்பா ஒப்பிச்சா உள்ளேர்ந்து திருத்துவான். அதுக்காகவே சில நாள் வேணும்னே தப்பா சொல்லுவேன்.

பியோ: சரி, இந்தக் கெட்ட சிப்பு...

சுக்ஜா: நல்லதை வாங்கிக் குடுத்தா மாட்டிக்குவான், ஓடும், அவ்வளவுதான். நீங்களே சொன்னீங்களே, மறந்துடலாம்னு. கேள்வியும் நின்னுடும். இது நின்னு போனா, அவனே கொண்டு போய் மாத்தணும்னு கடைக்காரர் சொல்லிட்டாருன்னு நான் சொல்லுவேன். வாசப்படி வரைக்கும் வந்தாக்கூடப் போதும். இப்பத்தான் திரும்ப விடியற்கால ஜெபத்துக்குப் போறேன். இன்னிக்கு இதைத்தான் கேட்டேன். ஒரு பொருள் கெட்டுப் போகணும்னு ஜெபம் பண்ணலாமா? பாஸ்டர்கிட்ட கேக்கக் கூச்சமா இருந்துச்சு.

பியோ: நான் புத்தர் கோயிலுக்குப் போறவன். அங்கயும் இப்படி ஒரு வேண்டுதல் வந்திருக்காது.

சுக்ஜா: எழுதித் தருவீங்களா?

பியோ: இல்லாத சட்டத்தை எழுதித் தர மாட்டேன். அது பொய். உங்க பையன் என் கடைப் பேரைச் சொல்லி அனுப்பறானே, எதுக்கு? இந்தச் சந்தையில தேறாததைத் தேறாததுன்னு சொல்லி விக்கறவன் நான்னு எங்கேயோ படிச்சிருப்பான்.

சுக்ஜா: அப்ப நான் கிளம்பறேன்...

பியோ: உக்காருங்க. சிப்ப நானே உங்க வீட்டுக்கு எடுத்துட்டு வர்றேன். இன்னிக்கே.

சுக்ஜா: அவன் கதவைத் திறக்க மாட்டான்.

பியோ: கதவுக்கு வெளிய நிக்கறேன்.

சுக்ஜா: கடையை யாரு பாத்துப்பா?

பியோ: கடைக்கு... ஒண்ணும் ஆகாது.

* * *

சுக்ஜா: ஹன்சோல்... யாரு வந்திருக்கா பாரு. யோங்சான் பியோ முதலாளி. உனக்காக சிப்பு கொண்டு வந்திருக்காரு... ஹன்சோல்.

பியோ: விடுங்கம்மா.

சுக்ஜா: தூங்கல அவன். கதவுல காதை வச்சுக் கேளுங்க, கம்ப்யூட்டர் ஃபேன் ஓடுதில்ல? ராத்திரியெல்லாம் ஓடும். நான் நடுராத்திரி எழுந்து வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுப் போய்ப் படுப்பேன். அது ஓடுதுன்னா அவன் இருக்கான்.

பியோ: ம்... கேக்குது. அம்மா, கீழ கடையில எனக்கு ஒரு டப்பா காபி வாங்கிட்டு வர்றீங்களா? சூடா.

சுக்ஜா: நானே போட்டுத் தர்றேனே.

பியோ: எனக்கு டப்பா காபிதான் ஒத்துக்கும்.

சுக்ஜா: வினோதமான ஆளு நீங்க. சரி, இருங்க.

பியோ: ...தம்பி. உங்க அம்மா இறங்கிட்டாங்க. எனக்கு முட்டி வலி, உன் வாசல்லயே உக்காந்துக்கறேன்.

ஹன்சோல்: ...

பியோ: நீ பேச வேணாம். நான் சொல்ல வேண்டியது ரெண்டு. முதல்ல இந்த சிப்பு. இது தேறாதது. உங்க அம்மாவுக்கும் தெரியும். கெட்டுப் போனா நீயே தூக்கிட்டு என் கடைக்கு வருவேன்னு நினைச்சுக் கேட்டு வாங்கினாங்க. அதுக்கு ஜெபம் வேற பண்ணியிருக்காங்க.

ஹன்சோல்: ...

பியோ: ரெண்டாவது. நீ வந்தாலும் அங்க கடை இருக்காது. இந்தச் சனிக்கிழமையோட மூடறேன். வாடகை கட்டி மாளல, இப்ப எல்லாரும் ஃபோன்லயே வாங்கிக்கறாங்க. உங்க அம்மாகிட்ட சொல்ல வாய் வரல. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து பூட்டைப் பாத்துட்டு நிப்பாங்களேன்னுதான் நானே வந்தேன். முன்ன ஓட்டினவன் ஏத்தின வோல்ட் அளவு தெரியும், சொல்லட்டுமா?

ஹன்சோல்: ...சொல்லுங்க.

பியோ: ஒண்ணு புள்ளி மூணு. அதுக்கு மேல குடுத்தா சூடுதான் ஏறுது, வேகம் ஏறல.

ஹன்சோல்: அப்ப அது ஓரத்துல வெட்டின சிப்பு. தட்டு நடுவுல இருந்தது இல்ல.

பியோ: சரியாச் சொன்னே. குரல் நல்லா இருக்கே தம்பி. நான் ஏதோ சின்னப் பையன்னு நினைச்சேன்.

ஹன்சோல்: ...

பியோ: ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்காதே. வந்ததுலேர்ந்து உறுத்துது. இத்தனை வருஷம் ஃபேன் சத்தத்துக்கு நடுவுல உக்காந்திருந்தவன் நான். உள்ள ஓடறது கம்ப்யூட்டர் ஃபேன் இல்லையே.

ஹன்சோல்: ...

பியோ: தலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பிச் சுத்துது. திரும்பற இடத்துல ஒரு கிறீச்சு. அது மேஜை ஃபேன். வெளிய ஐஸ் உறையுது, இந்தக் குளிர்ல எதுக்குத் தம்பி மேஜை ஃபேன்?

ஹன்சோல்: அம்மா வந்துட்டாங்களா?

பியோ: இல்ல. வர்றதுக்கு நேரம் ஆகும்.

ஹன்சோல்: கம்ப்யூட்டர் இல்ல. அப்பா செத்த குளிர்காலத்துலயே போர்டு எரிஞ்சு போச்சு. சத்தம் நின்ன அன்னிக்கு ராத்திரி அம்மா கதவைத் தட்டித் தட்டி அழுதாங்க. நான் ஏதோ பண்ணிக்கிட்டேன்னு நினைச்சுட்டாங்க. அதுலேர்ந்து இதைப் போட்டு விட்டுடறேன்.

பியோ: அப்ப நீ கேட்டனுப்பின கேள்வியெல்லாம்...

ஹன்சோல்: ஃபோன்ல தேடி எடுப்பேன். பதில் நீளமா வர்ற கேள்வியாப் பாத்து.

பியோ: எதுக்குப்பா? மாட்டறதுக்கு ஒரு பெட்டி கூட இல்லாம.

ஹன்சோல்: அப்பா போனப்புறம் அவங்களும் வெளிய போறதை விட்டுட்டாங்க. சர்ச்சுக்குக்கூடப் போகல. நான் இந்த ரூம்ல, அவங்க அடுப்படில. திரைச்சீலையை விலக்கற சத்தம்கூட வராது. ஒரு நாள் சும்மா வாய்ல வந்ததைக் கேட்டேன். உடனே செருப்பு மாட்டற சத்தம். சாயங்காலம் மூச்சு வாங்க வந்து உக்காந்து, ரயில்ல எவனோ ரெண்டு பேரு குடைக்குச் சண்டை போட்டதைச் சொல்லிச் சிரிச்சாங்க. மூணு வேளையும் இங்க சோறு வச்சவங்களுக்கு நான் திருப்பிக் குடுத்தது அது ஒண்ணுதான்.

பியோ: கதவைத் திறந்தே குடுக்கலாமேப்பா.

ஹன்சோல்: தினமும் தாழ்ப்பாள்ல கையை வச்சுப் பாக்கறேன்... முடியல.

பியோ: ...

ஹன்சோல்: லிஃப்ட் சத்தம் கேக்குது. வந்துட்டாங்க. அவங்ககிட்ட இதெல்லாம் சொல்லாதீங்க ஐயா. சிப்ப வாசல்ல வச்சிட்டுப் போங்க. சனிக்கிழமைக்கு அப்புறம் நான் அவங்கள அனுப்பறதுக்கு வேற ஒரு கடை மட்டும் சொல்லிட்டுப் போங்க. சரக்கு எப்படி இருந்தாலும் பரவால்ல. அவங்க சொல்லி முடிக்கற வரைக்கும் கேக்கற ஆளா இருக்கணும். தூரமா இருந்தா... இன்னும் நல்லது.