கர்னலுக்குப் பிரிவு உபசாரம்

எங்கள் காலனியில் மைக் செட் ஒரு தடவைகூடக் கீச்சிடாமல் வேலை செய்த விழா அது ஒன்றுதான் சார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் விஜிலன்ஸ்காரர். சிமெண்ட் மூட்டை, டெண்டர் என்று விசாரித்துப் பழகியவர். ஒரு நாய் விஷயத்துக்காக உங்களை மல்லாபூர் வரைக்கும் அலைய வைத்துவிட்டார்கள் என்பதில் எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் புகார் கொடுத்தது ஜலஜா. எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் பெண். அவள் கையெழுத்துப் போட்டால் அதில் விஷயம் இருக்கும். ஆகையால் மழுப்பாமல் சொல்கிறேன்.

என் பெயர் ஜம்புநாதன். நிர்வாகப் பிரிவில் அசிஸ்டெண்ட், காலனி நலச் சங்கத்தின் செயலாளர். திருத்துறைப்பூண்டி போர்டு ஹைஸ்கூலில் படித்தவன். எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று எங்கள் ஹெட்மாஸ்டர் பிரம்பால் சொல்லிக் கொடுத்தார். தொழிற்சாலையில் யார் ரிட்டையர் ஆனாலும் பிரிவு உபசார விழா என் பொறுப்பு. பொன்னாடை, சந்தன மாலை, குரூப் போட்டோ, மிர்ச்சி பஜ்ஜி எல்லாம் என் ஏற்பாடு. ஒரு விழாவும் உருப்படியாக நடந்ததில்லை. தலைமை தாங்குகிறவர் வரமாட்டார். வந்தால் கரண்ட் போய்விடும். பெருமாள் என்று ஒரு ஃபோர்மேன், பொன்னாடை போர்த்தும்போது அழாமல், பஜ்ஜி தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் அழுதார்.

கர்னல் என்பது ஜலஜா வீட்டு நாய். அவளுடைய அப்பா சாம்பசிவம், ஸ்டோர்ஸில் இருந்தவர், போலாரத்தில் ஒரு பட்டாளத்து பங்களாவிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்தார். அதனால் அந்தப் பெயர். சாம்பசிவம் போன பிறகு வேலை ஜலஜாவுக்கு வந்தது, கர்னலும் அவளுக்கே வந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவனுக்குப் பதினாலு வயசு. மூன்று ஜி.எம்.களைப் பார்த்தவன், ஒருவரைக் கடித்தவன். கடித்த மறுநாள் யூனியன்காரர்கள் அவனுக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள். எல்லா விழாவிலும் முதல் வரிசை நாற்காலிக்கு அடியில் படுத்திருப்பான். நன்றியுரை ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவான். அந்த விஷயத்தில் ஜி.எம்.களுக்கும் அவனுக்கும் வித்தியாசம் இல்லை. காலனியே அவன்மேல் உயிராக இருந்தது. நானும்தான். அதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த மே மாசம் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டது. சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. போலாரத்திலிருந்து டாக்டர் சந்திரமோகன் வந்து பார்த்தார். பட்டாளத்தில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்த மனுஷர். இப்படியே போனால் வதைதான், ஒரு ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவிடலாம் என்றார்.

ஜலஜா என்னிடம்தான் யோசனை கேட்டாள். நான் விழா எடுக்கலாம் என்றேன்.

"நக்கோ மாமா, அதெல்லாம் வேண்டாம். டாக்டர் ஆத்துக்கு வரட்டும். அவன் தலையை மடியில வெச்சுண்டு உக்காந்துக்கறேன். அவ்வளவுதான்."

"காலனி ஒத்துக்காதும்மா. எல்லாரும் கடைசியா ஒரு தடவை பார்க்கணும்னு நினைப்பா இல்லையா?"

"சரி. ஆனா ஞாயித்துக்கிழமை காலம்பற அவன் எழுந்து நின்னான்னா நான் டாக்டரைத் திருப்பி அனுப்பிச்சுடுவேன்" என்றாள்.

"தாராளமா. உன் நாய், உன் வார்த்தை" என்றேன். அப்போது மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

ஏற்பாடுகள் தன்னால் கூடி வந்தன. டாக்டருக்கு அந்த ஒரு ஞாயிறுதான் ஒழிவு. தலைமைக்கு ஜி.எம்.மின் சம்சாரத்தைக் கேட்டேன். எங்கள் விழா எதற்கும் வராத அம்மாள், நாய் என்றதும் கண் கலங்கி ஒப்புக்கொண்டார். முப்பது வருஷம் உழைத்தவர்களுக்கு வராத கண்ணீர். பந்தல்காரன் பாஷா மட்டும் சிரித்தான். "கைக்கு சாப்? குத்தே கே வாஸ்தே ஷாமியானா?" நாய்க்கு எதற்குப் பந்தல் என்கிறான். "ஹவ், ஆமாம், நம்ம கர்னலுக்குத்தான்" என்றேன். "அரே, கர்னல் சாபுக்கா?" என்று முகம் சுண்டிப்போய்விட்டது. வாடகை நக்கோ என்றுவிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் ஜலஜா தன் சித்தியை அழைத்துவர மாரெட்பள்ளிக்குப் போனாள். ராத்திரி அங்கே தங்கிவிட்டுக் காலையில் வருவதாக ஏற்பாடு. கர்னலை எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். அதற்கு முந்தின நாள்தான் நல்ல மழை பெய்து வெக்கை தணிந்திருந்தது. நான் வரவேற்புரை எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் கோழி கத்தியது. பார்த்தால், கர்னல் பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்திக்கொண்டு போகிறான். நாலு காலில். அந்த ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

என் சம்சாரம் கனகம் கையைத் தட்டிச் சிரித்தாள். "ஏன்னா, பாருங்கோளேன். பாழாப்போன வெயில்தான் அவனைப் போட்டுப் படுத்தியிருக்கு. ஜலஜாவுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கோ, குழந்தை நிம்மதியாத் தூங்கும்."

போன் பண்ணத்தான் தொழிற்சாலை கேட்டுக்குப் போனேன் சார். ரிசீவரையும் எடுத்தேன். ஆனால் விரல் என்னவோ ஜி.எம். வீட்டு நம்பரைத்தான் சுற்றியது. மேடம் கட்டாயம் வருகிறார், ரோஜா மாலைக்குச் சொல்லியிருக்கிறார் என்றார்கள். வீட்டுக்கு வந்து கனகத்திடம், சொல்லியாச்சு என்றேன்.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். பதினாலு வயசு நாய். இன்றைக்கு எழுந்தது, ஆடியிலோ ஆவணியிலோ மறுபடியும் விழத்தான் போகிறது. அப்போது பாதிப் பேர் எல்.டி.சி. லீவில் ஊருக்குப் போயிருப்பார்கள். ஜி.எம். சம்சாரம் இரண்டாம் தடவை வருவாரா? யாரும் இல்லாமல் ஒரு மூலையில் செத்துக் கிடக்கும். அது மரியாதையா? ஐம்பத்தெட்டு வயசில் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறவனையும் மாலை போட்டு அனுப்பித்தானே வைக்கிறோம். உடம்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக எந்தப் பிரிவு உபசாரத்தையாவது ரத்து செய்திருக்கிறோமா?

காலையில் ஜலஜா வந்தபோது கர்னல் பாயில் சுருண்டு கிடந்தான். கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தடவிக் கொடுத்தாள். "ராத்திரி எப்படி இருந்தான் மாமா?"

"ரொம்பக் கஷ்டப்பட்டான்மா."

கனகத்திடமும் அதைத்தான் சொல்லியிருந்தேன். ராத்திரி மறுபடி விழுந்துவிட்டான், ஓடின பேச்சை எடுத்து அவளை நோகடிக்காதே என்று. டாக்டர் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, ரொம்ப மயக்கமா இருக்கானே?" என்றார். நாலு நாளாக இப்படித்தான் என்றேன்.

விழா அருமையாக நடந்தது. ஆறு பேர் பேசினார்கள், ஒருவரும் எல்லை மீறவில்லை. கடிபட்ட பழைய ஜி.எம். வாழ்த்துத் தந்தியே அனுப்பியிருந்தார். மேடம் பொன்னாடை போர்த்தினார். நான் மைக்கில், "நம் அன்புக்குரிய கர்னல்" என்று ஆரம்பித்தேன். பெயரைக் கேட்டதும் அவன் வால் அசைந்தது. ஒரு தடவை இல்லை, நன்றாகவே ஆட்டினான். கூட்டம் மொத்தமும் விம்மியது.

ஜலஜா எழுந்துவிட்டாள். "மாமா, வாலாட்டறான். மாமா, நிறுத்துங்கோ" என்றாள். முதல் வரிசைக்குக் கேட்டிருக்கும், பின்னால் கேட்டிருக்காது. மைக் என் கையில் இருந்தது. "நம்மிடம் விடைபெறுகிறார்" என்று முடித்துவிட்டு டாக்டருக்குத் தலையசைத்தேன். சித்தி அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். துக்கத்தில் பேசுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னாளே, அதற்கு நேரம் இல்லாமல் போயிற்று. அது ஒன்றுதான் நிகழ்ச்சியில் விடுபட்டது.

மாத்திரையைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், கனகத்துக்கு டிஸ்பென்சரியில் கொடுத்த தூக்க மாத்திரை. இருந்ததை எல்லாம் நுணுக்கித் தயிர் சாதத்தில் பிசைந்து நான்தான் ஊட்டினேன். என்ன பசி அவனுக்கு. தட்டை வழித்துவிட்டு என் கையையும் நக்கினான். காலி அட்டை கனகத்தின் கண்ணில் எப்படியோ பட்டுவிட்டது. அவள் ஜலஜாவிடம் சொல்லிவிட்டுத் திருச்சிக்கு, தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். வருவாள்.

தண்டனை எதுவானாலும் சரி. ஆனால் புகாரில் ஒரு வரி தப்பு, அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். அவன் தன்னைப் பார்த்துத்தான் வாலாட்டினான் என்று ஜலஜா எழுதியிருக்கிறாள். இல்லை சார். பக்கத்தில் நின்றவன் நான். யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.