மெர்வினின் முறை

இந்த வலது தோளை இன்னும் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை, சார். மடைக்கதவைத் தூக்குகிற சக்கரம் துருவேறிக் கிடந்தது. இரண்டு ஆள் சுற்ற வேண்டியதை நான் ஒருவனே சுற்றினேன். கதவு எப்படித் திறந்தது என்றுதானே கேட்கிறீர்கள்?

குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்த வயலில் ஏத்தன் வாழை வைத்திருந்தேன். குலை தள்ளுகிற பருவம். அப்போது ஈரம் இல்லையென்றால் காய் திரளாது. பிறகு ஆறே வந்து பாய்ந்தாலும் பிரயோசனம் இல்லை. தாமிரபரணியில் தண்ணீர் ஓடுகிறது, எங்கள் குளத்திலும் கிடக்கிறது. வயலுக்கு மட்டும் வரவில்லை. மடைவாயை ஆகாயத்தாமரையும் உரச்சாக்கும் அடைத்துக்கொண்டிருந்தன. பாசன ஆபீசில் மனுக் கொடுத்தோம். ஆள் வரும் என்றார்கள். வாழை அதுவரை நிற்காது.

பக்கத்து வயல் மெர்வின், நானே முங்கி எடுத்துவிடுகிறேன் என்றான். அந்தக் குளத்திலேயே கிடந்து வளர்ந்தவன். இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையை என்னிடம் தந்தான். இரண்டு முறை இழுத்தால் தூக்கிவிட வேண்டும். அவன் கரையேறிய பிறகுதான் கதவைத் திறப்பது என்று பேச்சு.

இரண்டு முங்கு போட்டு, தாமரை வேரும் ஒரு சாக்கும் எடுத்து வந்தான். படியைப் பிடித்து மூச்சு வாங்கியவனிடம், இன்றைய தண்ணீரை எனக்கு விட்டுக்கொடு என்றேன். குளத்துத் தண்ணீர் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத்தான் பாயும்; அன்று அவன் முறை. என் முறைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"நல்லா கேட்டீங்க அண்ணாச்சி. முங்குதது நானு, பாயுதது உங்க வயலா?" என்று சிரித்தான்.

"என் வாழை ஒடிஞ்சிரும்லே."

"எனக்கு மட்டும் என்ன இரும்பு வாழையா? இன்னும் ஒரு சாக்குதான். நான் மேல வாரது வரைக்கும் சக்கரத்தத் தொட்டுராதீங்க."

முங்கினான். நான் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தேன். கதவு ஒரு சாண் எழும்பினால் சாக்கு தானாகப் போய்விடும், அவனுக்கும் வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். கயிறு இரண்டு முறை இழுபட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இரண்டு முறை. எனக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. ஆனால் அதற்குள் கால்வாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுவிட்டது. கதவை இறக்கினால் திரும்ப எழும்புமோ என்னவோ. மேலும் சுற்றினேன். கயிறு விறைத்து நின்றது. பிறகு அசையவில்லை.

உடனே கத்தி ஊரைக் கூட்டினேன் என்று முதலில் சொன்னேன். கூட்டியது உண்மை. அதற்கு முன்னால் இறங்கிப் போய், மெர்வினின் வயல் வாயை மண் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டு, என் வயல் வாயைத் திறந்தேன். கடைசி வரிசை வாழை நனைந்த பிறகுதான் கத்தினேன். கீழே அவன் இருப்பது தெரிந்தேதான் செய்தேன்.

என்னைக் கொலைகாரன் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆனால் அடுத்தவன் பொருளை வைத்துக்கொள்ளும் ஆள் நான் இல்லை. அன்றைய தண்ணீர் மெர்வினுடையது. அதை நான் பாய்ச்சிக்கொண்டேன். அவன் பெண்டாட்டி டார்லினுக்கு நான் தரவேண்டிய பாக்கி, ஒரு முறைத் தண்ணீர்.