ஒறிஜினல் பெல்ட்

அத இருந்த இடத்தில வச்சிருங்க தங்கச்சி. உங்களுக்கு அந்த ஒறிஜினல் வேணாம். இந்தக் கொப்பிய, அதப் பாத்துச் செஞ்ச போலியக் கொண்டு போங்க, கெமராவக் கழுத்தில கொழுவுற பெல்ட்டுக்கு இது காணும், போதும். இல்ல இல்ல, உங்கட கையில காசில்ல எண்டு நினைச்சுச் சொல்லல்ல. ஐயோ, கோவிக்காதீங்க புள்ள. இந்த வெயிலுக்குள்ள கொக்கட்டிச்சோலையில இருந்து பஸ் ஏறி வந்திரிக்கிறீங்க, உங்களக் குறைச்சுக் கதைப்பனா? இரிங்க, அந்த ஃபேன உங்கட பக்கம் திருப்பி விடுறன்.

ஆருக்கு, உங்கட அவருக்கா? பிறந்த நாளா? ஓ, நிலோஜன்! எனக்குத் தெரியுமே. போன மாசம் இஞ்ச பற்றறி வாங்க வந்தவர், நெடுவலான ஆள், கதைக்கக் கதைக்கச் சிரிப்பார். கலியாண வீடு, பிரீஷூட் எல்லாம் போறாராமே இப்ப. நல்ல பொடியன். அவருக்குத் தெரியாம வாங்கிக் குடுத்திற்று முகத்தப் பாக்கணும் எண்டு ஆசை, என்ன? விளங்குது. எனக்கு விளங்காட்டி வேற ஆருக்கு விளங்கப் போகுது.

நான் ஆக்கள ஏமாத்துற ஆளில்ல, ஆரிட்டயும் கேட்டுப் பாருங்க. பற்றறி எண்டா ஒறிஜினல்தான் எடுங்க எண்டு சொல்லுவன். கொப்பி பற்றறி வீங்கினா உள்ளுக்குள்ள இறுகிப் போயிரும், குறட்டால இழுத்தாலும் வராது. தாலி கட்டுற நேரம் பாத்து அது நிண்டிற்று எண்டா, அந்தப் பொடியன் எங்க போய் முட்டிக்கிற? சார்ஜரும் அப்படித்தான், கொப்பி வேணாம். லென்ஸ் மூடிக்குக் கொப்பி காணும், அது எப்படியும் துலையிற சாமான். பெல்ட்டுக்கும் கொப்பிதான். ஓம் புள்ள, எனக்கு இதில கிடைக்கிறது குறைவுதான். என்ட தம்பி டஸ்டின் இதுக்கே என்ன நெடுக ஏசுவான். உலகத்தில எல்லாக் கடைக்காரரும் நல்ல சாமான விக்கப் பாப்பாங்க, நீ மட்டும் வாற ஆக்களத் துரத்துறாய் எண்டு. அவன் ஒறிஜினல் பெல்ட்டக் கொழும்புக்குச் சொல்லி எடுப்பிக்கிறான், நான் மேல் தட்டில ஒளிச்சு வைக்கிறன். நீங்க எப்படித்தான் கண்டீங்களோ.

என்ன வித்தியாசமா? காட்டுறன், ஏன் காட்டாம. எங்கட அப்பா, பேர்டி எண்டு பேர், தையல்காரர். எங்கட பறங்கி ஆக்கள்ல அந்தக் காலத்து மாப்பிளமார் பாதிப்பேர் அவர் தைச்ச கோட்டோடதான் சேர்ச்சுக்குப் போன. தையலப் பாத்தா எனக்குச் சொல்ல ஏலும். இஞ்ச பாருங்க, ஒறிஜினல்ல வளையம் வாற இடத்தில பெட்டி மாதிரித் தைச்சு, நடுவால குறுக்கயும் ஓட்டியிரிக்கான். ரெட்டை நூல். இழுங்க பாப்பம். இன்னும் பலமா இழுங்க. பாத்தீங்களா, மாடு கட்டினாலும் நிக்கும். இனிக் கொப்பியப் பாருங்க. ஒத்தைத் தையல், நுனியில முடிச்சும் சரியில்ல. ஒரு ஆள் மூச்சுப் புடிச்சு இழுத்தா விட்டிரும். அதுக்குத்தான் சொல்லுறன், இதக் கொண்டு போங்க.

சிரிங்க, சிரிங்க. விசர்க் கதை மாதிரித்தான் இரிக்கும். அறுந்து போற சாமானக் கொண்டு போ எண்டு சொல்லுற கடைக்காரிய நீங்க எங்கயும் கண்டிரிக்க மாட்டீங்க.

ஓம், அந்தப் படத்தில மாலையோட இரிக்கிறவர்தான். க்ளைவ். என்ட மனிசன். இந்தக் கடையே அவர்ட கடைதான். அவர் செத்து ரெண்டு வரிசமாகப் போகுது. நான் இரிக்கன் புள்ள, என்ன செய்யிற, இரிக்கன். கடையத் திறந்தா நாலு பேரோட கதைச்சுப் பொழுது போயிரும். வீட்ட போனாத்தான் ஏலாமப் போகுது. மீன் ஆக்கினா அவருக்கெண்டு தலைய இப்பவும் தனிய எடுத்து வைக்கன். மறுகா அதப் பாத்துக்கிட்டு இரிந்து அழுவன். பொறகு பூனைக்குப் போடுவன்.

அவர் கெமராவக் கழுத்தில மட்டும் போட மாட்டார். ஒரு கையையும் உள்ளுக்கால விட்டு, நெஞ்சுக்குக் குறுக்காப் போடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அந்தக் கோலத்திலதான் வருவார். ஃபாதரே பகிடி பண்ணுவார், க்ளைவ், நீ கும்பிட வந்தியா படம் புடிக்க வந்தியா எண்டு. அப்ப அவரிட்ட இரிந்தது இந்தக் கொப்பி பெல்ட்தான். ஒரு நாள் கல்லடிப் பாலத்தில மோட்டச்சைக்கிள நிப்பாட்டிப் படம் எடுக்கப் போக, அது அறுந்து கெமரா றோட்டில. முன்கண்ணாடி தூள் தூள். நான் நடு றோட்டில நிண்டு குழறுறன், இந்த மனிசன் சிரிக்கிறார். ஜொய்ஸ், கெமராதானே விழுந்த, நான் விழல்லயே எண்டு.

எனக்குத்தான் ஆறல்ல. ஆசையா வாங்கின கெமரா அது. அவர்ட பிறந்த நாளுக்கு அவருக்குத் தெரியாம நல்ல பெல்ட் ஒண்டு எடுப்பிச்சன். ஓம் புள்ள, உங்கள மாதிரியேதான். இப்ப நீங்க கையில வச்சிரிக்கிறீங்களே, அதேதான். உள்பக்கத்தில நீல நூலால அவர்ட பேரையும் தைச்சன். முகத்த நீங்க பாத்திரிக்கணும்! அண்டைக்கு முழுக்க வீட்டுக்குள்ளயும் போட்டுக்கிட்டுத் திரிஞ்சார். சாப்பாட்டு மேசையிலயும் கழட்டல்ல. கேக் அப்பிரும் கழட்டுங்க மனிசன் எண்டு நான் கத்தினன்.

மறுகா கச்சான் காத்துத் தொடங்கிற்று. கலியாணம் பேசின பிள்ளையள் ரெண்டு, ஆத்துல தோணியில வச்சுப் படம் எடுக்கணும் எண்டு வந்தாங்க. அவங்க ஒரு தோணியில. இவர் மற்றத் தோணியில எழும்பி நிண்டுக்கிட்டு. பின்னேரம் காத்து ஒரு அடி அடிச்சதில இவர்ட தோணி பிரண்டிற்று. நீந்தத் தெரியாதாவா? என்ன கேள்வி புள்ள, சின்ன வயசில இருந்து அந்த ஆத்துக்குள்ளயே கிடந்தவர். தண்ணியும் ஆழமில்ல, கால் ஊண்டி நிண்டா நெஞ்சுக்குத்தான் வரும். அந்தப் பிள்ளையளும் முதல்ல சிரிச்சாங்களாம், நனைஞ்சுபோய் எழும்பி வருவார் எண்டு. சிரிச்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இரிந்தாங்களாம். அவர் எழும்பல்ல.

அதில வலை கட்டுறத்துக்கு ஊண்டி விட்ட பழைய கம்புகள் தண்ணிக்குள்ள நிண்டிரிக்கு. விழுந்த விழுகையில பெல்ட் போய் ஒண்டில கொழுவிற்று. குறுக்காப் போட்ட பெல்ட், தலைகீழாக் கிடந்துக்கிட்டு எப்படிக் கழட்டுற? கிட்ட வலை போட்டுக்கிட்டிருந்த நல்லரத்தினம் அண்ணன்தான் பாய்ஞ்சு போனவர். இழுத்தாராம். காலக் கம்பில ஊண்டி இழுத்தாராம். வரல்லியாம். மறுகா அவர்ட தோணிக்குப் போய்க் கத்தி எடுத்து வந்துதான் அறுத்த. செத்த வீட்டில என்ட கையப் புடிச்சுக்கிட்டு அழுதார் அந்த மனிசன். லேசான பெல்ட்டா இரிந்தா நான் இழுத்த இழுவைக்கே அறுந்திரிக்கும் தங்கச்சி, இது ஆரோ நல்ல சாமானா வாங்கிக் குடுத்திரிக்காங்க எண்டார். அது நான்தான் எண்டு இண்டு வரைக்கும் அவருக்குத் தெரியாது.

அந்தப் பெல்ட் இந்த மேசை லாச்சிக்குள்ளதான் இரிக்கு. பாக்கிறீங்களா? இஞ்ச. இது கத்தி பட்ட இடம். உள்பக்கத்தில பாருங்க, நீல நூல், பேர் இன்னும் வடிவாத் தெரியுது. தையல் எல்லாம் அப்படியே இரிக்கு, ஒரு நூல் பிரியல்ல. சாமானில பிழை சொல்ல ஏலாது புள்ள, நல்ல சாமான்.

ஐயோ, அழாதீங்க. உங்களப் பயங்காட்டச் சொல்லல்ல. இந்தாங்க, முகத்தத் துடைங்க. பிறந்த நாள் சாமான் வாங்க வந்த பிள்ளைய நான் அழ வச்சிற்றன் பாருங்க. என்ன, கொப்பியக் கட்டவா? ஓம், இதத்தான் கட்டுறன். இதுக்குப் பெட்டி வாறதில்ல, நான் நல்ல மினுங்கல் கடதாசியில சுத்தித் தாறன். ஏன் கொப்பி வாங்கினாய் எண்டு அவர் ஏசினா, கடைக்கார அக்கா ஒறிஜினலத் தரமாட்டன் எண்டு சண்டைக்கு வந்தா எண்டு சொல்லுங்க.

ஒரு நாளைக்கு இது அறும், சொல்லிப்போட்டன். கெமரா றோட்டில விழுந்து உடையும், நீங்க ரெண்டு பேரும் சரியாச் சண்டை புடிப்பீங்க. அண்டைக்கே இஞ்ச வாங்க, நான் வேற பெல்ட் சும்மா தாறன். அவரயும் கூட்டிக்கிட்டு வாங்க.