நூத்திப்பத்துக்கு யானைப் படம்

...இல்லீங்ணா, கேலின்னு மட்டும் நெனச்சறாதீங்க! பொங்கலூர்ல அத்தனை பெரிய கோழிப்பண்ணை வெச்சிருக்கற மகுடேஸ்வரண்ணன, நாளான்னிக்குப் பையன் குகனக் கூட்டிட்டு எங்கூட்டுக்குப் பொண்ணு பாக்க வரப்போறவர, போயும் போயும் நாங்க யானைன்னு சொல்லுவமா? அந்தப் பனியன் பார்சலத் திருப்பிக் குடுக்க நீங்களே வரணுமா, ஒரு போன் போட்டா ஆள் அனுப்ப மாட்டமா? உக்காருங்க மொதல்ல. அந்தச் சேர் வேண்டாங்க, ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. இதுவும் கொஞ்சம் ஆடும், ஆனாத் தாங்கும்... ஐயோ, உங்க ஒடம்பச் சொல்லலீங்ணா! யாரு உக்காந்தாலும் ஆடுமுங்க.

எல்லாம் இந்தச் சாட்பாட் பண்ணுன கூத்துங்ணா. வாட்சப்புல பதில் சொல்லுதல்லோ, அதேதான். மொதல்ல எங்க பனியன் கம்பெனிக்கு வர்ற ஆர்டரெல்லாம் எனக்குத்தான் போன்ல வரும். எம்பது சைஸ்ல ரெண்டு டஜன், தொண்ணூறுல ஒண்ணுன்னு. சேவூர்ல கடை வெச்சிருக்கற ராசப்பன் இருக்கறாரே, அர டஜன் பனியனுக்கு அர மணி நேரம் பேசுவாரு. நானு அப்படியில்லீங், நறுக்குன்னு ரெண்டு வார்த்தைதான்... ஏனுங்ணா சிரிக்கறீங்க? சிரிக்கலியா? சரி.

என்ற புள்ள பூங்குழலி கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் படிச்சவளாச்சே. "நீ பேசி முடிக்கறதுக்குள்ள நாலு லாட் பேக்கிங் ஆயிரும்மா"ன்னுட்டு, இத எழுதி மாட்டி உட்டா. அது ஒவ்வொருத்தருகிட்டயும் கேள்வி கேக்கும். சொல்ற பதில ஒரு டப்பாவுல போட்டு வெச்சுக்கும். பேருக்கு ஒரு டப்பா, சைசுக்கு ஒரு டப்பா, எத்தனை டஜன்னு ஒரு டப்பா. சமையக்கட்டுல பருப்புக்கும் புளிக்கும் வெக்கறமல்லோ, அந்த மாதிரின்னு நெனச்சுக்குங்க. ஆனா டப்பாவெல்லாம் ஒரே ரகமில்லையாமா. ஒண்ணு நம்பர் டப்பா. ஒண்ணு எழுத்து டப்பா. இன்னொண்ணு இருக்குது, ஆமா, இல்லங்கற ரெண்டே பதில்தான் அதுக்குள்ள போகும். எங்கூட்டுக்காரரு அந்த ரகமுங். நான் என்ன கேட்டாலும் ரெண்டுல ஒண்ணுதான். இப்பக்கூடப் பாருங்க, உங்க காரு வர்றது தெரிஞ்சதும், சாயப்பட்டறைக்குப் போறேன்னு பைக்க எடுத்துட்டு ஓடிட்டாரு...

எங்க உட்டேன்? ஆங், டப்பா. நம்பர் டப்பாவுக்கு நூத்திப்பத்துன்னா எம்பதவிடப் பெருசுன்னு தெரியுமுங். எழுத்து டப்பாவுக்கு அந்த அறிவு இல்ல. அதுக்கு எல்லாமே வெறும் எழுத்து. முன்னால நிக்கறது எதுவோ அதத்தான் மொதல்ல பாக்கும். நூத்திப்பத்துக்கு முன்னால நிக்கறது ஒண்ணு. எழுவத்தஞ்சுக்கு முன்னால ஏழு. ஏழவிட ஒண்ணு சின்னதுதான, அப்ப நூத்திப்பத்தும் சின்னதுன்னு முடிவு கட்டீருமாமா! எழுவத்தஞ்சுக்குக் கீழ போனாக் கொழந்த சைசுன்னு அதுக்குச் சொல்லி வெச்சிருக்குது. அதானுங், நீங்க நூத்திப்பத்துல அர டஜன்னு போட்டதும், "குட்டிச் செல்லத்துக்கு என்ன படம் போடட்டும், யானையா, முயலா, பூனையா?"ன்னு கேட்டிருக்குது.

நீங்களும் பதில் சொல்லாம உட்டுட்டீங்க. உங்கமேல தப்புன்னு சொல்லலீங்ணா! பதில் வரலேன்னா மொதப் படத்தப் போட்டுக்கும், அதுதான் யானை. முயல மொதல்ல வெச்சிருந்தா இத்தனை தூரம் வந்திருக்காது பாருங்க.

சரி, மிஷினுக்குத்தான் அறிவில்ல. பிரிண்டிங்ல நிக்கற ஆரோக்கியராஜுக்கு எங்க போச்சு? தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவன், வேலையில கெட்டிதான். "ஏம்ப்பா, நூத்திப்பத்து சைஸ் பனியன் முதுகுல யானக்குட்டி போடறயே, யாருக்குன்னு யோசிக்க மாட்டியா?"ன்னா, "புது ஸ்டைலுன்னுல்லா நெனச்சேன்க்கா, நல்லாத்தான இருக்கு"ங்கறான்! நல்லாத்தான் இருந்துதுங்கறது வேற... இல்ல, இல்ல, நல்லாவே இல்லீங்ணா!

முதுகுல இருந்ததுனால நீங்களும் பாக்காம மாட்டீட்டு, குலதெய்வக் கோயில்ல பங்காளிக அத்தனை பேரு முன்னால சட்டையக் கழட்டீட்டீங்களாமா. கேட்டப்ப எனக்கு... சிரிப்பெல்லாம் வரலீங்ணா! சத்தியமா வெசனமாத்தான் இருந்துது. இது இருமலுங்க.

ஆமாங், பூங்குழலி உங்களுக்குப் போன் பண்ணி, "எந்தப்புதானுங்க, மன்னிச்சுக்குங்க"ன்னு சொன்னது தெரியுமுங். சின்னப்புள்ள... ஏதோ கவனக்கொறவு... படிச்ச புள்ளைகளுக்கும் கை தவறுமல்லோ...

என்னங்ணா கேட்டீங்க? அவளா அப்படி எழுதி வெச்சான்னா... அதுங்... மோர் கொண்டாரச் சொல்லட்டுங்களா? ஐயோ, எந்திரிக்காதீங்ணா! அப்ப புதன்கெழம வரமாட்டீங்களா? இருங்க, இருங்க. சொல்லிப்போடறேன்.

நாந்தானுங்ணா. அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவ சைசுக்கு நம்பர் டப்பாதான் வெச்சிருந்தா. இந்த ராசப்பன் எக்ஸெல்லுன்னு அனுப்புனாரு, "நம்பர்ல மட்டும் சொல்லுங்க"ன்னுது. எம்பதுன்னு எழுத்துல அனுப்புனாரு, மறுக்காவும் அதே. எனக்குப் போனடிச்சு, "என்னம்மணி, உங்க மிஷினு என்னய ஒண்ணாப்புல உக்கார வெக்குது"ன்னாரு. எனக்குப் பொறுக்கல. புள்ள இல்லாத நேரமாப் பாத்து அவ கம்ப்யூட்டரத் தெறந்தேன். சைசுங்கறதுக்குப் பக்கத்துல நம்பர்னு இருந்துது. தட்டுனா எழுத்துன்னு வந்துது. அவ்வளவுதானுங், அப்படியே உட்டுட்டேன்.

அப்பறம் எதக் குடுத்தாலும் வாங்கிக்கிச்சு. எம்பதும் தொண்ணூறும் பிசகில்லாமப் போச்சு, எட்டும் ஒம்பதும் ஏழுக்கு மேலதான. அடடா, நம்ம கை பட்டதும் என்னமா வேல செய்யுதுன்னு இருந்தேன்! அந்தக் கொழுப்புல டஜன் டப்பாவையும் தட்டி உட்டேன். பல்லடத்துல ஒருத்தரு ரெண்டு டஜன் போட்டுட்டு, இன்னொண்ணு சேத்துக்கன்னாரு. கூட்டாம, ரெண்டுக்குப் பக்கத்துல ஒண்ண ஒட்ட வெச்சு இருவத்தொண்ணு டஜன்னு எடுத்துக்கிச்சு! அதுக்கும் என்ற புள்ளயத்தான் எல்லாரும் வஞ்சாங்க. நானும் கம்முனு இருந்துட்டேன்.

அவளுக்குத் தெரியுமுங்ணா. கம்ப்யூட்டரப் பாத்தா, என்னயப் பாத்தா. போன எடுத்து உங்களுக்கு அடிச்சு எந்தப்புன்னா. பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். நாள் பூரா ஓயாத வாயிங்ணா இது, அன்னிக்கு ஒரு வார்த்தைக்கு வரல. சம்மந்தியாகப் போறவங்க எடுத்த எடுப்புலயே என்னயக் கூறுகெட்டவன்னு நெனச்சுட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். பெத்த புள்ள மேல பழியப் போட்டுட்டு நின்னேனுங். நெனச்சா எனக்கே வெக்கமா இருக்குது. என்னய என்ன வேண்ணாலும் சொல்லுங்க, புதன்கெழம வராம மட்டும் இருந்தறாதீங்க. அவளாட்டம் ஒரு மருமவ உங்களுக்கு...

என்னது? தெரியுமா? எப்படிங்ணா தெரியும்?

குகன் தம்பி சொல்லுச்சா? தம்பிக்கு யாரு சொன்னா? ...பூங்குழலியா! எங்கப்பாவ எப்படி யானைன்னு சொல்லலாம்னு சண்ட புடிக்கப் போன் போட்டுதா, சரி... அப்பறமும் பேசறாங்களா? தெனமுமா! நம்பர் டப்பா, எழுத்து டப்பா வெவரமெல்லாம் தம்பி ஏற்கனவே உங்களுக்குச் சொல்லியாச்சா? அடி கள்ளி, எங்கிட்ட ஒரு வார்த்த மூச்சு உட்டாளா பாருங்க!

அப்ப, எல்லாந் தெரிஞ்சுட்டேதான் இத்தன நேரமும் மூஞ்சிய உம்முனு வெச்சுட்டு உக்காந்திருந்தீங்களா? நானாச் சொல்றனான்னு பாக்கறதுக்கா? சொல்லீட்டேனல்லோ! ஏனுங்ணா, சிரிக்காமச் சொல்லுங்க... ஒருவேள நான் கடைசி வரைக்கும் சொல்லாமயே இருந்திருந்தா?

...அப்பவும் புதன்கெழம வந்தே இருப்பீங்களா! அடப் போங்கண்ணா, அப்பறம் எதுக்குங்க என்ற வாயப் புடுங்குனீங்க!